பஞ்சவர்ணம் ஊற்றிய எண்ணெய்

குரும்பலூர்ப் பஞ்சவர்ணம் தும்மினால் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏறுவதற்கு முன்பே பஸ் கிளம்பிவிடும் என்பார்கள். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார் என்று டிரைவர் நினைத்துக்கொள்வாராம். அப்படிப்பட்ட தொண்டை. அந்தத் தொண்டையும் போய்ச் சேராத இடம் ஒன்று உண்டு என்று அவள் தெரிந்துகொண்டது ஒரு விஜயதசமி காலையில்தான்.

அவள் அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் காட்டில் மண்வெட்டி பிடித்தவர். மகள் கையில் அது வரவே கூடாது என்று கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்க வைத்தார். படித்து முடித்து அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்தபோது ஒருநாள் கூடவே போய்ப் பார்த்தார். மகள் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். "இதையும் குனிஞ்சுதானம்மா செய்யுற" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

குரும்பலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து அரியலூருக்கு ஒரு பஸ், அப்புறம் ரெட்டிபாளையம் தாண்டிப் போகிற ஆலை வண்டி. ரோட்டில் சிமெண்ட் லாரிகள் கிளப்புகிற புழுதியில் காலையில் குமரியாக ஏறுகிறவள் இறங்கும்போது கிழவியாகத்தான் இறங்குவாள். "தலையில தண்ணி ஊத்துனா செட் ஆயிரும்னு பயந்துதான் எம் பொண்டாட்டி தலைக்கே குளிக்கிறது இல்ல" என்று அவள் புருஷன் டீக்கடை டீக்கடையாகச் சொல்லி வைத்திருந்தான்.

புருஷன் பெயர் மதுரைவீரன். பெயரைக் கேட்டால் குதிரையும் அரிவாளும் கூடவே வரும் என்று தோன்றும். ஆளைப் பார்த்தால் கொடிக்கம்பு. ஆடிக் காற்றில் அவனைத் தனியாக வெளியே விடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆனால் அந்த ஒல்லி உடம்புதான் அவனுக்குச் சோறு போட்டது. ஆலையில் கிரஷர் என்று ஒன்று இருக்கிறது. குவாரியிலிருந்து வருகிற பாறாங்கல்லை மென்று துப்புகிற இயந்திரம். அதன் வாய்க்குள் ஒரு கல்யாண மண்டபத்தையே சாய்த்தாலும் ஏப்பம் விடாது. இரும்புச் சுவருக்கு நடுவே ஏணி பிடித்து இறங்கினால் அடியில் பல் வரிசை. கல் சிக்கினால், பல் தளர்ந்தால், யாராவது உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும். கிரஷர் கேங் என்கிற அந்த ஆட்களில் இடுக்கில் நுழைகிற உடம்பு மதுரைவீரனுக்குத்தான் இருந்தது.

அவன் இறங்குவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பஞ்சவர்ணத்தின் வேலை. ஏற்றினால் திரையில் கிரஷர் கட்டம் சிவப்பாகும். சிவப்பாக இருக்கிறவரை எவன் பட்டனை அமுக்கினாலும் மோட்டார் அசையாது. கம்ப்யூட்டரிடமிருந்து பதிலே வராவிட்டாலும் அசையாது. "உள்ளே ஆள் இல்லை" என்று பச்சையாகப் பதில் வந்தால்தான் ஓடும். முன்பெல்லாம் மோட்டார் சாவியை உள்ளே இறங்குகிறவனே கையோடு எடுத்துப் போவான். சாவி தொலைகிறது, ஆளைத் தேட வேண்டியிருக்கிறது என்று சொல்லி, கம்ப்யூட்டர் மேனேஜர் ராஜதுரை சார் அதை ஒழித்துவிட்டார்.

அவர்கள் காதலே அந்தக் கட்டத்தில்தான் முளைத்தது. மேலே ஏறி வந்தவன் நேரில் வந்து சொன்ன பிறகுதான் பச்சை போட வேண்டும். ஒருநாள் மதுரைவீரன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்விட்டான். கட்டம் சிவந்து கிடக்க, கிரஷர் நிற்க, லாரிகள் அரியலூர் எல்லைவரை வரிசை கட்டிவிட்டன. பஞ்சவர்ணம் போனைப் போட்டாள்.

"யோவ், எங்கய்யா இருக்க?"

"வூட்லதாங்க. மேல ஏறி வந்துட்டேனே. பச்சை போட்டுருங்க."

"போன்ல யாரு வேணா பேசுவான். ஒம் மூஞ்சிய நேர்ல பாத்தாத்தான் பச்சை."

அவன் திரும்ப பஸ் ஏறி வந்து மூஞ்சியைக் காட்டினான். அன்றிலிருந்து தினமும் காட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் மாலையோடு வந்து காட்டினான்.

இனி அண்ணன் தம்பி கதைக்கு வருவோம். அந்தச் சிவப்பும் பச்சையும் வசிக்கிற இடம் சர்வர் ரூம். பஞ்சவர்ணத்தின் மேசையும் அங்கேதான். உள்ளே ஏசி போடுகிற குளிரில் ஊட்டிக்காரனே கம்பளி கேட்பான். அங்கே இரண்டு கம்ப்யூட்டர்கள். பஞ்சவர்ணம் அவற்றுக்குப் பெரியவன், சின்னவன் என்று பெயர் வைத்திருந்தாள். இரண்டுக்கும் நடுவே பொதுவாக ஒரு பெட்டி. ஆலையின் கணக்கு, லாரி எடை, எந்த மெஷினுக்குள் எந்த ஆள் என்பது எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். பெரியவன் பெட்டியைத் திறந்து வேலை செய்யும்போது சின்னவன் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பான். பெரியவன் மண்டையைப் போட்டால் அடுத்த மூச்சில் சின்னவன் பெட்டியைத் தூக்கிக்கொள்வான். சொத்துக்கு அடித்துக்கொள்ளாத அண்ணன் தம்பி இந்த ஜில்லாவில் அவர்கள் இருவர்தான்.

இருவருக்கும் காவல்காரன் ஒருவன் உண்டு. அவனும் ஒரு மென்பொருள்தான். வேலை செய்கிறவனின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். நாடி விழுந்தால் மற்றவனை எழுப்பிவிடுவான். ராஜதுரை சார் வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிவந்து இதைக் காட்டுவார்.

"கரண்ட் போனாலும் நிக்காது. ஒரு மெஷின் செத்தாலும் நிக்காது. இத நிறுத்தணும்னு எமனே வந்தாலும் முடியாதுங்க."

பஞ்சவர்ணத்துக்கு அந்த வார்த்தை பிடிக்காது. நிறுத்தவே முடியாத ஒன்றை மனுஷன் எதற்குச் செய்து வைக்க வேண்டும் என்று நினைப்பாள். வீட்டில் சொன்னால் மதுரைவீரன் சிரிப்பான். "ஒன்னையும்தான் நிறுத்த முடியல. நான் குடும்பம் நடத்தல?"

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு ஆலை நின்றது. வருஷத்தில் அண்ணன் தம்பிக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு அது. பெட்டிக்குள் இருக்கிற டேட்டாபேஸைப் புது வெர்ஷனுக்கு மாற்ற அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மாற்ற வந்தவன் முகமது ஆசிக். லெப்பைக்குடிக்காட்டுப் பிள்ளை. துபாயில் இதே வேலை பார்த்துவிட்டு, உம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊரோடு வந்துவிட்டவன். கெட்டிக்காரன், பணிவானவன், பொய் சொல்லத் தெரியாதவன். அந்த மூன்றாவது குணத்தால் துபாயில் அவன் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

"அக்கா, மொதல்ல சின்னவனுக்குப் புதுசு போடுறேன். அவன் ஒழுங்கா ஓடுறானான்னு பாத்துட்டு அப்புறமா பெரியவனுக்கு" என்றான் ஆசிக்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணாப் போட்டா என்னா தம்பி? ஒருத்தனுக்குப் புதுச் சட்டை, ஒருத்தனுக்குப் பழசுன்னா சண்டை வரும்."

"சண்டை வராதுக்கா. ஆனா ஒண்ணு. புதுசு கை வெச்ச பெட்டிய பழசால தொறக்க முடியாது. பூட்டே மாறிடும். அதுக்குத்தான் முன்னாடியே முழுசா ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டேன். இன்ஷா அல்லா அது தேவைப்படாது."

காப்பி எடுத்தது பூசைக்கு முன்னால். அதாவது ஆலை நின்று, எல்லாக் கட்டமும் பச்சையாக இருந்த நேரம். இதை மட்டும் மனதில் போட்டு வையுங்கள். பஞ்சவர்ணமும் போட்டுத்தான் வைத்திருந்தாள், ஆனால் வேண்டிய நேரத்தில் கைக்குச் சிக்கவில்லை.

சாயங்காலம் பூசை. ஆலை முழுக்கச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. பெரியவனுக்கும் சின்னவனுக்கும் மாலை போட்டார்கள். பெட்டிக்கு முன்னாலும் பின்னாலும் மாவிலைத் தோரணம், சாமந்திச் சரம். கல்யாணப் பெண்ணே பொறாமைப்படுவாள்.

கிரஷர் கேங்குக்கு மட்டும் தனி வழக்கம் ஒன்று உண்டு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது கிடையாது. பூசை அன்று கிரஷரின் அடிவாயில், பல்லுக்கு மேலே உள்ள தட்டில், ஒரு பித்தளை விளக்கை ஏற்றி வைப்பார்கள். வருஷமெல்லாம் கல்லைத் தின்கிற வாய் ஒரு ராத்திரி வெளிச்சத்தைத் தின்னட்டும் என்று. காலையில் கிரஷரை ஓட்டுவதற்கு முன் ஒருவன் இறங்கிப் போய் விளக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். விளக்கை ஊதக்கூடாது, பூவால் அமர்த்தக்கூடாது, எரிகிறபடியே தூக்கக்கூடாது. தானாக மலையேற வேண்டும். ஏறிய பிறகுதான் எடுத்துக்கொண்டு மேலே வரலாம். பாதியில் அணைத்தால் அந்த வாய் அந்த வருஷம் ஆளைக் கேட்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

போன வருஷம் எண்ணெய் போதாமல், மதுரைவீரன் இறங்குவதற்கு முன்பே விளக்கு அணைந்து கிடந்தது. அடுத்த மாசமே கல் விழுந்து அவன் கால் விரல் நசுங்கியது. பஞ்சவர்ணம் படித்தவள். அதையும் இதையும் முடிச்சுப் போடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், இந்த முறை கேங் ஆட்கள் தேங்காய் உடைக்கப் போன சமயம் பார்த்து, பையிலிருந்து நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து, இறக்குவதற்காக மேலே வைத்திருந்த விளக்கின் விளிம்பு தளும்பும் அளவுக்கு ஊற்றிவிட்டாள். திரியையும் பருமனாகத் திரித்தாள். புருஷன் ஆயுசு அந்த அளவுக்கு நீளட்டும் என்று வேண்டிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

விஜயதசமி காலை. ஆசிக் சின்னவனுக்குப் புதுசைப் போட்டு, பெட்டியை அவனிடம் கொடுத்துவிட்டான். திரைகள் எல்லாம் நன்றாக ஓடின. மதுரைவீரன் போனை நீட்டியபடி வந்து நின்றான். கிரஷருக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் எப்போதும் அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போவான்.

"போயிட்டு வரேன் புள்ள. வெளக்கு இந்நேரம் மலையேறிருக்கும். எடுத்துக்கிட்டு ஓடியாந்துடுறேன். பந்தல்ல கேசரி போடுறானுவளாம், எனக்கொரு பங்கு எடுத்து வை."

"ஒனக்கு எதுக்குய்யா கேசரி? எங்க போயி ஒட்டப்போவுது?"

சிரித்துக்கொண்டே போனான். பஞ்சவர்ணம் அவன் பெயரை ஏற்றினாள். கட்டம் சிவந்தது.

வெளியே ஆபீசுக்கு முன்னால் பெரிய பந்தல். சென்னையிலிருந்து முதலாளி வந்திருந்தார். கிரஷர் புழுதி அவர் வேட்டியில் படக்கூடாது என்று ராஜதுரை சார் புது ஏற்பாடு செய்திருந்தார். பந்தலிலேயே மேசை போட்டு, அதன் மேல் ஒரு பட்டன், பட்டனுக்குச் சந்தனப் பொட்டு. நல்ல நேரத்தில் முதலாளி உட்கார்ந்த இடத்திலிருந்து அமுக்கினால் தூரத்தில் கிரஷர் ஓடும். பந்தலில் இருந்து பார்த்தால் கிரஷர் தெரியாது. நடுவே மலை மாதிரி கல் குவியல்.

அப்போதுதான் காவல்காரன் கெடுத்தான். பழைய வெர்ஷனுக்கு நாடி மணிக்கட்டில் என்றால் புதியதற்குக் கழுத்தில். காவல்காரனுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மணிக்கட்டையே பிடித்துப் பார்த்தான். துடிக்கவில்லை. சின்னவன் குத்துக்கல்லாட்டம் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, செத்துவிட்டான் என்று முடிவு கட்டி அவனைப் படுக்க வைத்தான். பெட்டியைத் தூக்கிப் பெரியவன் கையில் கொடுத்தான். பெரியவனோ பழைய வெர்ஷன். பூட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருதிருவென்று முழித்தான்.

ஆலையில் இருந்த அத்தனை திரையும் கறுத்தது.

பந்தலிலிருந்து ராஜதுரை சார் போன் மேல் போன் போட்டார். "நல்ல நேரம் முடியப் போவுது! மொதலாளி பட்டன்ல கை வெச்சிட்டு ஒக்காந்திருக்காரு! என்னாய்யா பண்ணித் தொலைச்சீங்க?"

"சார், காவல்காரனுக்குப் புது வெர்ஷன் புரியல சார்" என்றான் ஆசிக். "சின்னவன மறுபடி எழுப்பி, எதனாலன்னு பாத்து சரி பண்ணணும். கொஞ்சம் டைம் குடுங்க."

"டைம்லாம் கெடையாது. காப்பி எடுத்தேன்னு சொன்னல்ல? அத எடுத்துப் பெரியவன்ல போடு. ஆலையே நின்னு கெடக்கு, நேத்துக்கும் இன்னிக்கும் நடுவுல என்னா மாறிருக்கப் போவுது?"

ஆசிக் பஞ்சவர்ணத்தைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்து அவள் அப்புறம் எத்தனை தரம் தன் தலையிலேயே குட்டிக்கொண்டாள் என்பது அந்தத் தலைக்குத்தான் தெரியும். ஆலை நின்று கிடக்கிறது, லாரி இல்லை, எடை இல்லை, மதுரைவீரனும் இந்நேரம் மேலே ஏறிக் கேசரிக்கு வரிசையில் நின்றிருப்பான் என்று அவள் நினைத்தாள்.

ஆசிக் பெட்டியில் இருந்ததைத் துடைத்துவிட்டுக் காப்பியைப் போட்டான். பெரியவன் அதை முகர்ந்து பார்த்தான். பழைய பூட்டு, பழைய சாவி. திறந்துகொண்டது. திரைகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. எல்லாக் கட்டமும் பச்சை. புல்லுக்கட்டு மாதிரிப் பச்சை. மாடு பார்த்தால் மேய்ந்துவிடும்.

பந்தலில் மேளம் எழும்பியது. பஞ்சவர்ணம் அந்தக் குளிரிலும் வழிந்த வியர்வையைத் துடைக்கக் கர்ச்சீப் எடுக்கலாம் என்று மேசைப் பக்கம் திரும்பினாள். மேசையில் மதுரைவீரனின் போன் கிடந்தது.

'இன்னும் ஏன் வாங்கிட்டுப் போகல?'

பைக்குள் கை விட்டாள். கர்ச்சீப்புக்கு முன்னால் விரலில் பிசுபிசுவென்று ஏதோ பட்டது. காலி எண்ணெய் பாட்டில்.

ஏசி ரூமில் இருந்தவளுக்கு உள்ளங்காலில் நெருப்பு பற்றியது மாதிரி இருந்தது. விளக்கு மலையேறியிருக்காது. மலையேறவே ஏறாது. தளும்பத் தளும்ப ஊற்றியவள் அவள்தானே. அவன் இன்னும் அடிவாயில், பல்லுக்குப் பக்கத்தில், சுடரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். திரையோ உள்ளே ஆளே இல்லை என்கிறது. இருக்கிறான் என்று அவள் கையால் எழுதியதை அவள் கண்ணெதிரே துடைத்துப் போட்டாகிவிட்டது.

"தம்பி, அவரு உள்ள இருக்காரு."

"யாருக்கா?"

"எம் புருசன்யா! காப்பிக்கு அப்புறந்தான நான் அவர ஏத்துனேன்!"

ஆசிக்கின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகியது. "யா அல்லா" என்றான்.

பஞ்சவர்ணம் மறுபடி ஏற்றப் பார்த்தாள். அப்போதுதான் உயிர் வந்த திரை, எழுதவிடாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனை எடுத்தாள்.

"சார், பட்டன அமுக்க வேண்டாம்னு சொல்லுங்க! கிரஷருக்குள்ள ஆளு!"

"என்னாது? சத்தமாப் பேசும்மா!"

பஸ்ஸைக் கிளப்புகிற குரல் அது. அத்தனையையும் போட்டுக் கத்தினாள். அந்தப் பக்கம் தவிலும் சரவெடியும் சேர்ந்து அதை அப்பளமாக நொறுக்கின.

"ஆளா? என் கையிலயே திரை இருக்கும்மா. கிரஷர் பச்சையாத்தான் இருக்கு. சிஸ்டத்துல இல்லாத ஆளு உள்ள எப்படி இருப்பான்? நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசாத, வை."

போன் கட்டாகியது. "ஓடு தம்பி! பந்தலுக்கு ஓடு!" என்றாள். ஆசிக் செருப்பைக்கூட மாட்டாமல் பறந்தான். சன்னல் வழியே பார்த்தாள். பந்தலைச் சுற்றி ஜனம். பொரியும் கேசரியும் வாங்க நிற்கிற கூட்டத்தில் ஆசிக் ஒரு முதுகை விலக்கினால் இன்னொரு முதுகு முளைத்தது. மேசைக்குப் பக்கத்தில் ஐயர் கையைத் தூக்கினார். முதலாளி குனிந்தார்.

பதில் வராவிட்டால் மோட்டார் ஓடாது. அவளிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். பதில் சொல்கிற வாயை அடைக்க வேண்டும்.

பெரியவனின் கழுத்து மாலையைப் பிய்த்து எறிந்தாள். பின்னால் கையை விட்டு மின்கம்பியை உருவினாள். பெரியவன் மூச்சு நின்றது. திரை கறுத்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள்.

அதற்குள் சின்னவன் எழுந்தான்.

ஒருவன் விழுந்தால் மற்றவன் எழ வேண்டும் என்றுதானே அவர்களை வளர்த்தது. காவல்காரன் எழுப்பிவிட்டான். இவன் நாடியை மறுபடி தவறாகப் பார்த்து, இவனும் செத்தான் என்று முடிவு கட்டுவதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரம் போதும் ஒரு மனுஷனை அரைக்க. சின்னவன் புது வெர்ஷன் ஆயிற்றே, பழைய காப்பியைத் தயங்காமல் திறந்தான். திரையில் மறுபடி பச்சை.

வெளியே ஊய்ய் என்று சங்கு பிடித்தது. கிரஷர் ஓடப்போகிறது என்று எச்சரிக்கிற சங்கு. பந்தலில் அதையும் மங்கல வாத்தியம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

பஞ்சவர்ணம் சின்னவனை விட்டுவிட்டுப் பெட்டியின் மேல் பாய்ந்தாள். பெட்டியே இல்லாவிட்டால் எந்தப் பயல் எதைத் திறப்பான்? தோரணத்தைக் கிழித்து ஒரு கம்பியைப் பிடுங்கினாள். பெட்டி சாகவில்லை. ஒரு மூக்கு அடைத்தால் மறு மூக்கால் மூச்சு விடுகிற மாதிரி அதற்கும் இரண்டு கம்பி. "செத்துத் தொலையேன் சனியனே!" என்று அலறிக்கொண்டே சாமந்திச் சரத்துக்குள் துழாவினாள். கை முழுக்கக் குங்குமம். வழுக்கியது. தூரத்தில் தரை உறுமியது. அந்த உறுமல் சுவர் வழியாக ஏறி அவள் பல்லுக்கு வந்தது. கிரஷர் மோட்டார்.

இரண்டாவது கம்பியை இரண்டு கையாலும் பற்றி, காலைச் சுவரில் உதைத்து இழுத்தாள். கம்பியோடு சேர்ந்து மல்லாக்க விழுந்தாள்.

அறை அமைதியானது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை. உறுமலும் நின்றிருந்தது. ஆனால் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. கம்பியை இழுத்தபோது நின்றதா, அதற்குக் கொஞ்சம் முன்னால், எதையாவது மென்று முடித்துவிட்டு நின்றதா?

எழுந்து போய்ப் பார்க்கவில்லை. மதுரைவீரனின் போனை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பந்தலில் மேளம் நின்றது. யாரோ ஓடினார்கள். யாரோ கத்தினார்கள். ஒருவரும் அவளிடம் வரவில்லை. கெட்ட சேதி என்றால் யாரும் உடனே வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கதவு திறந்தது.

தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் புழுதி. கண் மட்டும்தான் கறுப்பு. இடது முழங்கையிலிருந்து ரத்தம் புழுதியில் கோடு போட்டிருந்தது. கொடிக்கம்பு வாசற்படியில் சாய்ந்து நின்றது.

"மூஞ்சிய காட்டணும்ல" என்றான் மதுரைவீரன்.

அவள் வாயைத் திறந்தாள். பஸ் கிளப்புகிற வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

அவன் கையில் எதையோ வைத்திருந்தான். நீட்டினான். பித்தளை விளக்கு. விளக்கு என்று சொன்னால்தான் தெரியும். தோசை மாதிரித் தட்டையாக இருந்தது. சங்கு கேட்டு எழுந்தவன், தட்டு ஒரு உதறு உதறியபோது ஏணியைப் பிடித்துத் தொங்கிவிட்டான். விளக்கு சரிந்து பல்லுக்கு நடுவே போனது. பல் ஒரே ஒரு சுற்றுச் சுற்றியது. அவன் கால் ஊன்றியிருந்த இடத்தையும் சேர்த்து மென்றுவிட்டு, பாதியில் நின்றது.

"தானா மலையேறிருச்சு புள்ள" என்றான். பிறகு விளக்கைத் திருப்பிப் பார்த்து, "எண்ணெய எந்தப் படுபாவி இம்புட்டு ஊத்துனான்னுதான் தெரியல. வூட்டுல எண்ணெய் மில்லு வெச்சிருப்பான் போல" என்றான்.

அதை அவள் இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

விசாரணை நடந்தது. ராஜதுரை சார் திரையைத் திருப்பிக் காட்டினார். அன்று காலை கிரஷருக்குள் யாரும் இறங்கியதாக எங்கேயும் இல்லை. ஆள் இறங்கவே இல்லை, இந்தப் பெண் புத்தி பேதலித்து முதலாளி கை வைத்த நேரத்தில் ஆலையை நிறுத்திவிட்டாள் என்றார். அந்தப் பெட்டி சொன்னதைத்தான் அவர் சொன்னார். பாவம், அவர் வேறு எதையும் நம்பிப் பழகாதவர். பொய் சொல்லத் தெரியாத ஆசிக் எழுந்து, "தொடச்சது நாந்தான் சார். அதுல இவங்க புருசன் பேரும் போச்சு" என்றான். பஞ்சவர்ணம் தட்டையான விளக்கை மேசை மேல் போட்டாள். அது இரும்புத் தகடு மாதிரி ணங்கென்று விழுந்தது.

பஞ்சவர்ணத்தின் வேலை தப்பியது. அண்ணன் தம்பி இருவருக்கும் புது வெர்ஷன் போட்டாகிவிட்டது. நாடி எங்கே பார்க்க வேண்டும் என்று காவல்காரனுக்கும் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. ஆசிக் தானே உட்கார்ந்து சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போனான். இனிமேல் நிற்கவே நிற்காது என்று ராஜதுரை சார் மறுபடியும் ஆட்களைக் கூட்டிவந்து காட்டத் தொடங்கிவிட்டார்.

ஆனால் கேங் ஆட்கள் கிரஷர் பக்கம் போகும்போது சத்தமாகப் பேசுவதில்லை. தொடங்கின நேரத்தில் பாதியில் நின்ற வாய், விளக்கைத் தின்ற வாய், அதற்குப் பசி இன்னும் இருக்கும் என்கிறார்கள். மோட்டார் சாவியைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆபீஸ் கொடுக்கமாட்டேன் என்றது. கொடுக்கும்வரை ஒருவனும் ஏணியில் காலை வைக்கவில்லை. இப்போது மதுரைவீரன் இறங்கும்போது சாவி அவன் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது. திரையில் கட்டம் சிவந்தாலும் சரி, பச்சையானாலும் சரி.

பஞ்சவர்ணம் அந்தத் தட்டை விளக்கைப் பெட்டியின் தலைமேல் வைத்திருக்கிறாள். ராஜதுரை சார் எடுக்கச் சொன்னார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதோடு விட்டுவிட்டார்.

மற்ற மெஷின்களில் வேலை முடிந்து ஆள் ஏறி வந்ததும் ஒவ்வொரு கட்டமாகப் பச்சையாகும். எல்லாருக்கும் அது நல்ல சேதி. பஞ்சவர்ணம் மட்டும் அந்தப் பச்சையைப் பார்த்ததும் எழுந்துவிடுவாள். சன்னலுக்கு வெளியே கல் குவியலைச் சுற்றி வருகிற பாதையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். புழுதிக்குள்ளிருந்து கொடிக்கம்பு ஒன்று நடந்து வர வேண்டும். சாவிச் சத்தம் கேட்க வேண்டும். அதுவரை போனை அவள் மேசையில் வைப்பதில்லை, கையிலேயே பிடித்திருப்பாள்.